காலங்கடந்த முறையீடு

இராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே செல்கிறவர்கள், திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரை ஊர்ப்பெயராகவே தாங்கி நிற்கும் விம்கோ நகரையும், அதற்கும் அப்பால், 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து அசோக் லேலண்டு ஆகிய ஸ்தாபனத்தின் எண்ணூர்த் தொழிற்சாலையையும் காண்பார்கள். இப்பிரதேசத்தில் வேலை பெற்றவர்களின் சரித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள்; வேலை நீக்கப்பட்டவன் எத்தனை காலத்துக்குள் நியாயம் கேட்க வேண்டும் என்ற வினாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை அநேகர் அறியார்.

1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, நீக்கப்பட்டவனுக்கு நீக்கிய முதலாளியைத் தவிர முறையிடுவதற்கு வேறு இடமே இல்லை. இடமில்லாதபோது தாமதம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. 1947 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த தொழில் தாவாச் சட்டம் இடத்தைக் கொடுத்தது. காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தின் வாயிலைத் திறக்கும் அதிகாரம் அரசாங்கத்திடமே இருந்தது. தனியொருவனுடைய தாவாவைச் சங்கமோ சக தொழிலாளரோ ஏற்றெடுத்தாலன்றி அது தொழில் தாவாவாகவே கருதப்படவில்லை. சம்பள உயர்வுக்கும் போனஸுக்கும் போராடிக்கொண்டிருந்த சங்கங்கள், ‘அடுத்த ஒப்பந்தத்தில் உன் கேஸையும் சேர்த்துப் பேசுவோம்’ என்று சொல்ல, அந்த வார்த்தையை நம்பி வருஷங்களைக் கழித்தவர்கள் உண்டு.

துறைமுகத்தில் சரக்குத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவனை எண்ணிப் பாருங்கள். சார்ஜ் ஷீட், என்கொயரி, ஆங்கிலத்தில் ஒரு டிஸ்மிஸ் ஆர்டர் என்று காகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபின், ஜார்ஜ் டவுன் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் நடக்கும் கிரிமினல் வழக்கு முடியட்டும், விடுதலையானால் வேலை தானாகக் கிடைக்கும் என்று அவன் காத்திருப்பான். விடுதலையும் கிடைக்கும், அதற்குள் நான்கைந்து வருஷங்கள் ஓடியிருக்கும். பின்னர்ச் சமரச அதிகாரியின் முன் அவன் வந்து நிற்கும்போது எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் ஆட்சேபம், குற்றத்தைப் பற்றியதன்று, தாமதத்தைப் பற்றியது. அவன் கையில் ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகை அட்டை ஒன்று இருந்தால், அதிலுள்ள தேதி முத்திரைதான் அவனுக்காகப் பேசும்.

நீதிமன்றங்களின் அபிப்பிராயமும் ஒரே சீராக இருந்ததில்லை. நான்காண்டுகளுக்குப் பின் எழுப்பப்பட்ட தாவாவை 1959-இல் ஷாலிமார் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாட்சண்யமின்றியே நோக்கியது. விம்கோவின் உத்தரப் பிரதேச ஆலை பற்றிய 1970-ஆம் வருஷத் தீர்ப்பிலோ, எந்தச் சமயத்திலும் தாவாவை அனுப்பலாம் என்ற சட்டவாசகத்துக்கு வருஷக்கணக்கில் எல்லை கிடையாதென்றும், ஆயினும் சந்தர்ப்பமே அதற்கு எல்லை வகுக்கும் என்றும் அது கூறியது. 1999-இல் அஜாயிப் சிங் வழக்கில், சிவில் வியாஜ்யங்களுக்குரிய காலவரையறைச் சட்டம் இங்கே பொருந்தாது, தாமதத்துக்கேற்பப் பின்சம்பளத்தைக் குறைத்துப் பரிகாரம் அளிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. மறு வருஷமே நெடுங்காடி வங்கி வழக்கில் ஏழாண்டு தாமதத்தால் தாவாவே பழசாகிவிட்டதென்று தள்ளப்பட்டது. இவற்றுள் அஜாயிப் சிங் வழக்கின் வழியே தர்மத்துக்கு அணுக்கமானது என்பது என் துணிபு. ஏனெனில், தாமதித்தவன் தாமதித்த காலத்தின் கூலியை இழப்பது நியாயம், வாழ்நாள் ஜீவனத்தையே இழப்பது நியாயமாகாது.

தொழில் தாவாச் சட்டத்தில் 1965 டிசம்பரில் அமலான 2-ஏ பிரிவு, சங்கத்தின் ஆதரவின்றியே ஒருவனுடைய வேலைநீக்கத்தைத் தொழில் தாவாவாக ஏற்றது. 1988 நவம்பரில் தமிழ்நாட்டுத் திருத்தம் இன்னும் ஒருபடி மேலே சென்று, சமரசம் முறிந்ததும் முறிவறிக்கையோடு நேரே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. வடசென்னையில் ‘டூ-ஏ மனு’ என்ற சொல் தொழிலாளர் வாயில் சகஜமாகப் புழங்கியது இதனால்தான். அகில இந்தியாவுக்கும் அவ்வுரிமையை வழங்கிய 2010-ஆம் வருஷத் திருத்தமோ, கூடவே மூன்றாண்டுக் கெடுவையும் வைத்தது. கெடு கடந்தவனை மன்னிக்கும் அதிகாரத்தைப் பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை. இராயபுரத்துக் கடையொன்றில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குக் கடைகள் சட்டத்தில் அப்பீலுக்கு முப்பது நாள்தான் என்றாலும், போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அங்கே விதியுண்டு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அவகாசம் நீண்டது, கருணை குறைந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழில் உறவுகள் தொகுப்பில் அந்த அவகாசமும் இரண்டாண்டாகக் குறுகிவிட்டது.

ஆகையால், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்து, ஒருநாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படும் சகோதரர்களுக்கு நான் விண்ணப்பித்துக்கொள்வது இது: சங்கம் பேசட்டும், கிரிமினல் வழக்கும் நடக்கட்டும், அவை முடியும்வரை காத்திராமல், நீக்கப்பட்ட மாதத்திலேயே நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் முறையீடு எழுதிச் சமரச அதிகாரியிடம் மனுவைக் கொடுத்துவிடுங்கள், அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.