தாய் தரும் முதற் சீதனம்



"தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு" என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி உண்டு. பங்கு பிரிக்கும்போது சொல்கிற பேச்சு அது. நோய் விஷயத்தில் அது அவ்வளவாகப் பலிக்காது. பிறந்த பிள்ளைக்குச் சொந்தமாக எதிர்ப்புச் சக்தி வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தாயின் இரத்தத்திலிருந்தும் தாய்ப்பாலிலிருந்தும் கிடைத்த காவல்தான் அதற்குத் துணை. தாயிடம் இல்லாத காவலைப் பிள்ளை வாங்கிக்கொண்டு பிறக்க முடியாது. இதை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

மந்தின், நீலாய், சிரம்பான் வட்டாரத் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்த நம் பாட்டன், பாட்டிமார் பலர், கப்பல் ஏறுமுன்பே ஊசியைக் கண்டவர்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களுக்கு அம்மை குத்தினார்கள். அந்தத் தழும்பைக் கையில் சுமந்தபடிதான் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் 1796இல் ஜென்னர் என்னும் வைத்தியர் கண்ட முறை அது. 1802இலேயே சென்னைக்கு வந்துவிட்டது. பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாரியாத்தா கோபம் என்று நாம் நடுங்கிய நோயை மனிதன் தடுத்துக் காட்டினான்.

ஆனால் லயத்து வீட்டில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கு வேறொரு எமன் காத்திருந்தான். அதுதான் இரணஜன்னி. இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள் கொடியை அறுத்தாலோ, புண்ணில் சாம்பலோ சாணமோ பூசினாலோ உள்ளே நுழைந்துவிடும். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, மூன்றாம் நாளுக்கு மேல் வாய் திறக்காது. தாடை இறுகும், உடம்பு வில்லாய் வளையும். "காத்து கருப்பு பட்டுடுச்சு" என்று சொல்லி மந்திரிக்க ஓடிய வீடுகள் எத்தனையோ! பிள்ளை பிழைப்பது அரிது.

ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ 1889இல் இந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். பின்னர் தடுப்பூசியும் வந்தது. ஆனால் பிறந்த சில நாளிலேயே வரும் நோய்க்குப் பிறந்தபின் ஊசி போட்டால், அது பலன் தருமுன் காலம் கடந்துவிடுமே! இதற்கு நியூகினித் தீவில் வழி பிறந்தது. ஷோஃபீல்டு என்ற வைத்தியரும் அவருடைய தோழர்களும் அங்கே கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்து, முடிவை 1961இல் வெளியிட்டார்கள். மூன்று ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இரணஜன்னி ஏறக்குறைய வரவேயில்லை. ஊசி தாயின் கையில். காவல் பிள்ளையின் உடம்பில்! கோடிக்கணக்கான மக்கள் வாழும் இந்தியாவிலும் இந்நோய் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டுவிட்டது என்று 2015இல் உறுதி செய்தார்கள்.

இன்னொரு நோய் இதைவிடத் தந்திரமானது. ஜெர்மன் தட்டம்மை பெரியவர்களுக்கு இலேசான காய்ச்சலும் தடிப்பும்தான். ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் கருவின் கண், காது, இருதயம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆஸ்திரேலியக் கண் வைத்தியர் கிரெக் 1941இல் இதைக் கண்டறிந்தார். இதற்கான ஊசியைக் கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது. முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். ஆகவே நம் நாட்டில் 1980களின் பிற்பகுதியில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போட்டார்கள். "மிஸ்ஸி வந்துட்டாங்க!" என்று அன்று மேசைக்கு அடியில் ஒளிந்த சிறுமிகளில் பலர் இன்று தாய்மார், ஏன், பாட்டிமாரும்கூட! பின்னாளில் பிறக்கப்போகும் பிள்ளைக்காக அன்று ஒரு நிமிடம் கை வலித்தது. 2002 முதல் முத்தடுப்பு ஊசியாக ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் அது கிடைத்து வருகிறது.

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றக்கூடியது. பிறந்தவுடன் அதற்கு ஊசி போடும் திட்டம் இங்கு 1989இல் தொடங்கியது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து மருந்து கொடுத்ததால், எச்.ஐ.வி.யும் மேக நோயும் தாய் வழியே பிள்ளைக்குப் போவதை மலேசியா தடுத்துவிட்டது என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இந்தப் பெருமையை முதலில் பெற்ற நாடு நம்முடையதே.

இவ்வளவு இருந்தும், "நாங்கெல்லாம் ஊசி போட்டா பெத்தோம்? அஞ்சு பிள்ள வளக்கலியா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த ஐந்தை எண்ணுகிறோம். போன பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 27 ஆண்டுகளாக நாட்டில் காணாத போலியோ, 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தைக்கு வந்தது. வேலியில் ஓட்டை விழுந்தால் ஆடு உள்ளே வரும். அது யார் தோட்டம் என்று பார்க்காது.

ஆகவே தாய்மார்களே! பிள்ளை உண்டானது தெரிந்தவுடன் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். இரணஜன்னி ஊசியைத் தவணை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். கக்குவான் இருமல் இளம் சிசுவுக்குப் பொல்லாதது. இங்கிலாந்தில் 2012 முதல் கர்ப்பிணிகளுக்கே அதற்கும் ஊசி போடுகிறார்கள். அதைப் பற்றியும் தாதியிடம் கேளுங்கள். தொப்புளில் எதையும் பூசாதீர்கள். தந்தைமார்களே, ஒரு நாள் சம்பளம் போனாலும் மனைவியோடு கிளினிக்குக்குப் போய் வாருங்கள். மாணவர்களே, வீட்டிலுள்ள தம்பி, தங்கையின் அட்டையை எடுத்து, அடுத்த ஊசி என்றைக்கு என்று அம்மாவுக்கு வாசித்துச் சொல்லுங்கள். நீங்கள் படித்த படிப்புக்கு அதுவே முதற் பரிசு.

நகையும் நட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தாய் தன் பிள்ளைக்குத் தரும் முதற் சீதனம் அந்த ஊசிதான்.