சுவரே லேபிள்: கோகோ கோலாவின் கடைச்சுவர் எழுத்து

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கார்ட்டர்ஸ்வில் என்றோர் ஊர். அங்கே யங் சகோதரர்களின் மருந்துக்கடைச் சுவரில் 1894-இல் ஜேம்ஸ் கவுடன் என்ற சிரப் விற்பனையாளர் ‘கோகோ கோலா’ என்று எழுதினார். அந்தப் பானத்தின் முதல் சுவர் விளம்பரம் அதுவே என்பார்கள். விளம்பர வரலாறு எழுதுவோர் இத்தகைய சுவர்களைப் பிற்காலச் சாலையோரப் பலகைகளின் முன்னோடியாக வைத்துப் பேசுவது வழக்கம். அவற்றை லேபிளின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பதே பொருந்தும் என்பது என் வாதம்.

அன்று கோகோ கோலா பெரும்பாலும் புட்டியில் வரவில்லை. அட்லாண்டாவிலிருந்து சிரப் வரும். மருந்துக்கடைக்காரர் அதைச் சோடாவில் கலந்து கிளாஸில் ஊற்றித் தருவார். மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் ஜோசப் பீடன்ஹார்ன் புட்டியில் அடைக்கத் தொடங்கியதே அதே 1894-இல்தான். கிளாஸில் ஊற்றிய பழுப்புநிறப் பானத்தில் பெயரை எங்கே ஒட்டுவது? கடைக்காரர் வேறு சிரப்பைக் கலந்து கொடுத்தாலும் குடிப்பவருக்கு எளிதில் தெரியாது. போலிப் பெயர்களுக்கு எதிராக நிறுவனம் தொடுத்த வழக்கொன்று 1920-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்றால் இந்த அச்சத்தின் அளவு புரியும். பண்டத்தில் ஒட்ட முடியாத பெயர், பண்டம் விற்கும் இடத்தில் ஏறியது.

பெயரின் வடிவமும் அதற்குள் சொத்தாகியிருந்தது. 1886-இல் கணக்கர் ஃபிராங்க் ராபின்சன் சுழித்தெழுதிய அந்த எழுத்து, 1893-இல் வணிகக்குறியாகப் பதிவானது. ஆகவே கையால் எழுதியது என்பதாலேயே ஓவியரின் தனித்திறனை அதில் தேடுவது தவறு. சுவரெழுத்துத் தொழிலில் தாள்அச்சு ஒன்று உண்டு. எழுத்தை முழு அளவில் தாளில் வரைந்து, கோட்டின்மேல் நெருக்கமாகத் துளையிடுவார்கள். தாளைச் சுவரில் பொருத்திக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். துளையிட்ட தகட்டில் கோலமாவு இறங்குவதுபோல் கரி இறங்கும். தாளை எடுத்தால் புள்ளி வரிசையாக எழுத்து நிற்கும். ஓவியர் அந்தப் புள்ளிகளுக்குள் பெயின்ட் நிரப்புவார். எந்த ஊர்ச் சுவரானாலும் சுழி மாறாது.

ஊருக்கு ஊர் மாறியது கடைக்காரரின் பெயர் மட்டுமே. செலவு நிறுவனத்துடையது, சுவரின் பெரும்பகுதி குறிக்கு, ஒரு பட்டை கடைப்பெயருக்கு. எனக்கு இந்தப் பட்டைதான் முக்கியமாகப் படுகிறது. எங்கோ காய்ச்சிய சிரப்புக்கு உள்ளூர் மனிதர் தம் பெயரால் பொறுப்பேற்கிறார். குடிப்பவர் முதலில் நம்புவது அவரைத்தான்.

1915-இல் இருட்டிலும் கை தடவி அறியும்படி வளைவுப் புட்டி வடிவமைக்கப்பட்டது. பெயர் பண்டத்தோடு சேர்ந்தே கைக்கு வந்தபின் சுவரின் சுமை குறைந்தது. சுவரெழுத்து பல பத்தாண்டுகள் தொடர்ந்தது உண்மை. ஆனால் சான்று சொல்லும் வேலை போய், நினைவூட்டும் வேலையே அதற்கு எஞ்சியது.

மேலே பூசியிருந்த அடுக்குகளை நீக்கிக் கார்ட்டர்ஸ்வில் சுவரை மீட்டிருக்கிறார்கள். மங்கிய கடைச்சுவர்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் ஆய்வாளர்கள், பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அடியிலுள்ள கடைக்காரர் பெயரையும் தவறாமல் பதிய வேண்டும்.