காபி போல ஆற்றிய கடல்

கடல்நீர் மீன்தொட்டிகளில் இப்போது பம்பு, வடிகட்டி எல்லாம் பின்பக்க அறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. 1846-இல் அந்த பம்பின் வேலையைச் செய்தது ஒரு வேலைக்காரப் பெண்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே பாதிரியாரின் மனைவி அன்னா தின், டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களைக் கொண்டுவந்து கண்ணாடிக் கிண்ணங்களில் வளர்த்தார். லண்டனில் புதுக் கடல்நீருக்கு எங்கே போவது? திறந்த ஜன்னலருகே நின்று, தினமும் முக்கால் மணி நேரம்வரை அந்தப் பெண் இருந்த நீரையே ஆற்றினாள், நாம் காபி ஆற்றுவதுபோல! காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. பெயரென்னவோ சீமாட்டிக்குத்தான்.

முதல் தொட்டி வாங்கும் என் பேரன் குட்டித் தொட்டியாகக் கேட்கிறான். நீர் ஆவியானாலும் உப்பு போகாது. நல்ல தண்ணீர் விட்டு ஈடுகட்ட வேண்டும். தொட்டி சிறிதானால் உப்பு சீக்கிரம் ஏறும். 40 லிட்டர் வேண்டாம், 80 எடு என்றிருக்கிறேன்.