தொண்டர் பெயர் தாங்கிய தண்ணீர்ப்பந்தர்

திருவையாற்றுக்கு அண்மையில் உள்ளது திங்களூர். 7ஆம் நூற்றாண்டில் அவ்வூர் வழியே வந்த திருநாவுக்கரசு சுவாமிகள், வழிப்போக்கரின் தாகம் தீர்க்கும் ஒரு தண்ணீர்ப்பந்தரைக் கண்டார். அதில் எங்கும் தமது பெயரே எழுதப்பட்டிருந்தது. அதனை அமைத்த அப்பூதியடிகளின் இல்லத்தை நாடிச் சென்று, தம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வினவினார். வந்தவர் யாரென அறியாத அப்பூதியார் வெகுண்டார் என்கிறது பெரியபுராணம்.

அப்பூதியார் அதுவரை நாவுக்கரசரை நேரிற் கண்டவரல்லர். அவரது திருத்தொண்டைக் கேள்வியுற்றதே போதியதாயிற்று. பிள்ளைகளுக்கும் அப்பெயர், பசுவுக்கும் எருமைக்கும் அப்பெயர், வீட்டிலிருந்த அளவைகளுக்கும் நிறைகோலுக்குங்கூட அதே பெயர். நெல் அளக்கும்போதெல்லாம் நன்றி சொல்ல வேறெவருக்குத் தோன்றும்?

இவ்வளவு போற்றப்பட்டவர் கையில் இருந்தது உழவாரப்படை. கோயில் வீதிகளில் புல்லைச் செதுக்கித் துப்புரவு செய்யும் கருவி அது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்க்கு அமுதளிக்க, நாவுக்கரசருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினார். சம்பந்தர் பெற்ற காசைக் கடைக்காரர் வட்டம் கழித்தே ஏற்றனர். நாவுக்கரசர் காசோ கழிவின்றிச் செல்லுபடியாயிற்று. அவர் கைத்தொண்டும் செய்தவர் என்பதே சேக்கிழார் காட்டும் காரணம். பதிகம் பாடிய பின்பே சம்பந்தருக்கும் நற்காசு கிடைத்தது.

அடியார் பெயர்களை நிரல்படுத்திப் பாடியவர் சுந்தரர். குயவரும் வண்ணாரும் வேந்தரும் அதில் ஒரே வரிசையினர். அதனை விரித்துப் பாடிய சேக்கிழாரை, 12ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் யானைமீது ஏற்றிக் கவரி வீசி, 'தொண்டர்சீர் பரவுவார்' எனப் பட்டமளித்ததாகச் சேக்கிழார் புராணம் கூறும். தொண்டரைப் பாராட்டியவருக்கே பாராட்டு!

மொன்றியல் நகரின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் என்னும் பெயரிலும் ஒரு துணைவரின் நினைவு உறைகிறது. 1625இல் அங்குள்ள ஆற்றின் விரைநீரில் நிக்கோலா வியேல் என்னும் பாதிரியாருடன் மாண்டவர் அஹுன்ட்சிக். அவர் ஹியூரன் குடியினர் என முன்னர் எழுதினர். பிரெஞ்சு இளைஞர் என்பாரும் உளர். யாராயினும், ஊர் பெற்றது பாதிரியாரின் பெயரையன்று, உடன் சென்றவரின் பெயரையே.

புலம்பெயர்ந்த நாட்டுக் கோயில்களில் உபயகாரருக்குப் பரிவட்டமும் காளாஞ்சியும் முறைப்படி கிடைக்கின்றன. அது தக்கதே. ஆனால் மடைப்பள்ளியில் அண்டா கழுவியவர், மாலை கட்டியவர், தை மாதக் குளிரில் கோயில் வாசலிற் பனி வாரியவர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. பனி வாரியும் ஓர் உழவாரப்படையே. சந்நிதியில் முதற் காளாஞ்சியை ஆண்டுக்கொரு நாளாவது அவர்களுக்குக் கொடுக்கலாம். அன்னதான மண்டபத்துத் தண்ணீர்க் குழாய்க்கு அவர்களுள் ஒருவரின் பெயரை இடலாம். அப்பூதியார் செய்ததுபோல, அவரைக் கேளாமலே.