பிரதமர் பதவி: இரண்டாவது நாற்காலியின் கதை

1947 இல் டி. எஸ். சேனாநாயக்க பிரதமரானபோது ஆட்சியதிகாரத்தின் மையமே அப்பதவிதான். 1978 இல் ஜே. ஆர். ஜெயவர்தன நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியானதும் அது இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அவ்வாறு இறங்கிய நாற்காலியில் முதலில் அமர்ந்தவர் ஆர். பிரேமதாச.

வெறும் அலங்காரப் பதவி என்றே நானும் நீண்டகாலம் எண்ணியிருந்தேன். வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்தியது. 1993 மே 1 இல் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டபோது, பிரதமர் டி. பி. விஜேதுங்கவே பதில் ஜனாதிபதியானார். 2022 இல் கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறியபோது, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் அவ்வழியே திறந்தது.

இதே ரணிலை 2018 ஒக்டோபர் 26 இல் மைத்திரிபால சிறிசேன நீக்கினார். மகிந்த ராஜபக்சவை நியமித்தார். பாராளுமன்றப் பெரும்பான்மையும் நீதிமன்றத் தீர்ப்புகளும் டிசம்பரில் ரணிலை மீண்டும் அமர்த்தின.

அதிகாரமற்ற நாற்காலிக்கு எவரும் இப்படிப் போராடுவதில்லை.