கன்மலையின்மேல் நிற்கும் ஆலயம்



அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சென்ட்ரேலியா என்னும் சிறிய ஊர் உண்டு. அங்கே நிலக்கரிச் சுரங்கங்களில் உழைக்க வந்த உக்ரைனியக் குடும்பங்கள், 1911இல் ஊரை அடுத்த மலைச்சரிவில் தேவமாதாவின் பெயரால் ஒரு கத்தோலிக்க ஆலயத்தை எழுப்பின.

1962இல் குப்பைக்கிடங்கை ஒட்டிப் பற்றிய தீ, நிலத்தடி நிலக்கரிப் படுகைகளுக்குள் பரவியது. அதை அணைக்க ஒருவராலும் கூடவில்லை. வீடுகளுக்குள் நச்சுவாயு புகுந்தது, நிலம் பிளந்தது. மக்களை இடம்பெயர்க்க அரசு 1984இல் 4.2 கோடி டாலர் ஒதுக்கியது. ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் ஏறக்குறைய வெறுமையாயிற்று. 1869இல் தோன்றிய புனித இஞ்ஞாசியார் பங்கின் ஆலயமும் 1997இல் இடிக்கப்பட்டது.

உக்ரைனியரின் ஆலயமோ நிலைத்தது. அதன் அடிநிலத்தை ஆராய்ந்தபோது அங்கே நிலக்கரி இல்லை, கற்பாறையே இருந்தது.

கன்மலையின்மேல் வீட்டைக் கட்டிய புத்தியுள்ள மனுஷனை நாம் அறிவோம். ஆயினும் பாறை காத்தது கட்டடத்தை மட்டுமே. வீடிழந்து அயலூர்களுக்குச் சிதறியவர்கள் ஆராதனைக்குத் திரும்பி வந்தபடியால்தான் சபை பிழைத்தது. ஒருசில வீடுகளே எஞ்சியுள்ள ஊரில் இன்றும் ஞாயிறுதோறும் வழிபாடு நடைபெறுகிறது.

நம் சபையிலும் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்ற குடும்பங்கள் உண்டு. அவர்கள் அமர்ந்த இடம் வெறுமையாய் இருப்பதைக் காண்கிறோம், அவர்களை விசாரிக்கிறோமா? இவ்வாரம் அவர்களில் ஒருவரையாவது அழைத்துப் பேசுங்கள். அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். சிதறினவர்களைச் சேர்க்கிற கர்த்தர் நம்மையும் காப்பாராக. ஆமென்.