கலவான வரை வந்த லேண்ட் ரோவர்

1947இல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கடற்கரையில், ரோவர் கம்பனிப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் மணலில் கோடு கிழித்து ஒரு வண்டியின் உருவத்தைக் காட்டினார். மறுவருடம் ஏப்ரல் 30ஆம் திகதி அது ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் என்ற பெயரோடு நின்றது. போர் ஓய்ந்த பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் மேலுடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசியை மட்டும் உருக்குத் தகட்டில் பெட்டிபோல் பற்றவைத்தார்கள். இன்று இலங்கையின் கலவானப் பக்கம் இந்த வண்டியின் விலையையும் ஆயுளையும் அந்த முடிவுதான் தீர்மானிக்கிறது.

இலங்கைத் தோட்டங்களில் அது துரைமாரின் வண்டி. கொழுந்து எடுக்கப் போனவர்களும் ரப்பர் பால் வெட்டப் போனவர்களும் அதே ரோட்டில் நடந்துதான் போனார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. தோட்டம் கழித்துவிட்ட வண்டிகளை வெளியார் வாங்கினார்கள். அதன் இரண்டாவது வாழ்க்கை அங்கே தொடங்கியது. எனக்கு அந்த வாழ்க்கைதான் பெரிதாகத் தெரிகிறது.

சிங்கராஜாக் காட்டோரம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மேலுடல் பளிச்சென்று நிற்கும்; சேசி உள்ளிருந்து உக்கும். சேறு உள்ளே போய்த் தங்கினால் எளிதில் வெளியே வராது. பின் குறுக்குச் சட்டமும் வில்தகடுகளைத் தாங்கும் இடங்களும்தான் முதலில் போகும். அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியமும் வெள்ளைத் தூளாக உதிரும். விவரம் தெரிந்தவர் பெயின்டைப் பார்ப்பதில்லை. கீழே படுத்து, சிறு சுத்தியலால் சேசியை நெடுக்கத் தட்டிக் கேட்பார். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் தாரும் பழைய ஒட்டும்தான் இருக்கிறது. அடுத்து, சிவப்புக் குமிழ் வைத்த தடியை இழுத்து லோ கியரில் போட்டு மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும்.

2.25 லீற்றர் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளை நிறையக் குடிக்கும். அதனால் அதைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வைப்பது பழகிப்போன வேலை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் கிடைக்கும். ஆனால் அதன் வாய் லேண்ட் ரோவர் கியர்பெட்டியோடு பொருந்தாது. இடையில் வைக்கும் தகட்டைக் கடைந்து, நடுவச்சு மயிரிழை விலகாமல் பூட்டுவது கராஜ் பாஸின் கைவேலை. விலகினால் கிளட்ச் நிற்காது. சொலிஹல் தொழிற்சாலை 2016 ஜனவரியில் இந்த வரிசையின் கடைசி வண்டியை முடித்துவிட்டது. நம் ஊரில் ஓடுபவற்றை ஓடவைப்பவர்கள் இந்தப் பாஸ்மார்தான். அந்தப் பெருமை அவர்களுக்கே சேர வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்கு 2025 வரை வழி திறக்கவில்லை. இருக்கிற வண்டிக்கு மதிப்பு ஏறியது. குடாவப் பக்கம் சிங்கராஜா பார்க்க வருபவர்களுக்கு ஜீப் வேண்டும். ரோடு கழுவுண்ட தோட்டத்திலிருந்து ஒரு நோயாளியைக் கலவான ஆஸ்பத்திரிக்கு இறக்கவும் அதே மாதிரி வண்டிதான் வேண்டும். முன்பு நடந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றிய எஞ்சினின் இலக்கம் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சேசி இலக்கம், சீரிஸ் 2, 3 வண்டிகளில், வலப்பக்க முன் வில்லின் தாங்கியருகே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடமும் உக்கும். ஒட்டுப்போடும்போது அந்தத் துண்டை வெட்டி வீசிவிட்டால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் வண்டியைச் சட்டப்படி கைமாற்ற முடியாமல் திண்டாட வேண்டிவரும்.